பிள்ளைகளை நடந்தே பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி கேட்ட தாயாரின் நிலைமை சுருக்கமாக இதுதான். மகள் ஏழாம் வகுப்பிலும் மகன் மூன்றாம் வகுப்பிலும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். பள்ளி ஒன்றேகால் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இடையில் பேருந்துகள் ஓடும் பெரிய சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். காலையில் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார், மாலையில் இவர் போய் அழைத்து வருகிறார். மகள் சைக்கிள் கேட்கிறாள். நடந்து போகட்டுமே என்று இவர் வீட்டில் சொன்னபோது, "வாசலில் வண்டி நிற்கையில் பிள்ளைகளை வெயிலில் நடக்க விடுவதா?" என்று மாமியார் கேட்டிருக்கிறார். உள்ளூரத் தமக்கும் பயம்தான் என்றும் எழுதியிருக்கிறார்.

அனுப்பலாம் என்பதே என் பதில். ஆனால் நாளைக்கே அனுப்ப வேண்டாம், இருவரையும் ஒரே முறையில் அனுப்பவும் வேண்டாம். மகள் இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் தோழிகளுடன் தானாகவே போய்வரும் நிலையை எட்டிவிடலாம். மகனுக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் துணை தேவைப்படும். பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில், ஆர்.எஸ்.பி. என்று நாங்கள் அழைக்கும் மாணவர் சாலைப் பாதுகாப்புப் படைக்குச் சில ஆண்டுகள் பொறுப்பாக இருந்திருக்கிறேன். பிள்ளைகளை நடக்க வைப்பதைப் பெற்றோர் பலரும் சோம்பலைப் போக்கும் காரியமாக எண்ணி, அறிவுரையில் தொடங்குகிறார்கள். நான் பார்த்தவரை பிள்ளைகளுக்கு நடப்பதில் தயக்கம் இருந்ததே இல்லை. கூட்டாளி ஒருவன் கிடைத்தால் போதும், கிளம்பிவிடுவார்கள். சிக்கல் இருப்பதெல்லாம் பாதையில், அதுவும் பாதை முழுவதும் அல்லாமல் அதில் உள்ள ஓரிரு இடங்களில்தான்.

பயன்களைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மகனின் நடைக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் கடக்க இருபது நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், போக வர நாற்பது நிமிடம். கொஞ்சம் விறுவிறுப்பாக நடந்தால், தேவையில் மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே கிடைத்துவிடும். கண்ணுக்கும் இதில் லாபம் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் திறந்தவெளியில் இருக்கச் செய்து மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது, அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. அங்கே உதவியது நடை அல்ல, பகல் வெளிச்சம். டியூஷனுக்கும் செல்பேசிக்கும் போக மிஞ்சும் நேரத்தில் நம் பிள்ளைகள் பலருக்குப் பகல் வெளிச்சம் படுவதே பள்ளிக்குப் போகும் வழியில்தான் என்பதால் இதைச் சொல்கிறேன். கட்டாயக் கல்விச் சட்டத்துக்கான 2010-ஆம் ஆண்டு மத்திய விதிகளும் அக்கம்பக்கப் பள்ளி என்பதை, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டர் என்று நடை தூரத்தைக் கொண்டே வரையறுக்கின்றன.

முதல் வேலையாக, பிள்ளைகளோடு அந்த வழியை நீங்கள் நடந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பள்ளி நாளில், பள்ளி நேரத்திலேயே போக வேண்டும். பெரிய சாலையை நெருங்கியதும் முழங்காலை மடக்கி உங்கள் மகனின் கண் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நான் ஒருமுறை அப்படிப் பார்த்தபோது, ஓரமாக நின்றிருந்த ஷேர் ஆட்டோவுக்கு அப்பால் வந்துகொண்டிருந்த நகரப் பேருந்து என் கண்ணில் படவே இல்லை. நிமிர்ந்ததும் அதன் நெற்றிப் பலகையைப் படிக்க முடிந்தது. பெரியவர்கள் 'பார்த்துப் போ' என்று சொல்லும்போது, பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாத உயரத்தில் பிள்ளை நிற்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அத்துடன், வரும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் சேர்த்துக் கணிக்கும் திறன் ஒன்பது பத்து வயது வரை பிள்ளைகளுக்கு முழுதாக வருவதில்லை. எட்டு வயதுப் பையன் எவ்வளவு சமர்த்தனாக இருந்தாலும் பேருந்துச் சாலையைத் தனியாகக் கடக்கக் கூடாது என்று நான் சொல்வது அவனுடைய அறிவில் நம்பிக்கை இல்லாததால் அல்ல, வயது அப்படி.

ஆகவே குறுக்கு வழியைத் தேடாமல், கடப்பதற்கு நல்ல இடம் உள்ள வழியைத் தேர்ந்தெடுங்கள். இருநூறு மீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை. சிக்னல், போக்குவரத்துக் காவலர் நிற்கும் முனை, வேகத்தடை, சாலையின் நடுவே நின்றுகொள்ளத் தோதான மேடை ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும் இடமே கடக்கும் இடமாக வேண்டும். வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி, ஓட்டுநர் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே ஒரு விநாடியில் ஏறக்குறைய பதினான்கு மீட்டர் கடந்துவிடும், 30 கிலோமீட்டரில் வருவது எட்டு மீட்டர்தான் கடக்கும். மனிதர்களும் வண்டிகளும் கலந்து செல்லும் தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2020-இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு வலியுறுத்தியதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

கடக்கக் கற்றுக்கொடுப்பதைப் படிப்படியாகச் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்வதால் வலம், இடம், மறுபடி வலம் என்று பார்ப்பதே முறை. ஒருவழிச் சாலையிலும் இரு பக்கமும் பார்க்கப் பழக்குங்கள், எதிர்த் திசையில் வரும் இருசக்கர வண்டிகள் இல்லாத ஊர் நம்மிடம் ஏது? மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமில்லாமல் வருவதால் காதை மட்டும் நம்பக் கூடாது. நடைபாதை இல்லாத தெருவில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலது ஓரமாக நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதி கடந்தபின் திரும்பி ஓடக் கூடாது, ஆர்.எஸ்.பி. பிள்ளைகளுக்கு நான் அதிக நேரம் செலவிட்டுச் சொல்லிக்கொடுத்தது இந்த ஒன்றைத்தான், ஏனென்றால் வண்டி ஓட்டுபவர் பிள்ளை முன்னே போய்விடும் என்று நம்பித்தான் பின்பக்கமாக வளைத்துப் போகிறார். அடுத்த இரண்டு வாரம் கையை விட்டுவிட்டு, எப்போது கடப்பது என்று மகளையே சொல்லச் சொல்லுங்கள். அவள் சொல்வது தவறாக இருந்தால் மட்டும் தடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் இந்தக் கரையிலேயே நின்றுகொண்டு அவள் அந்தக் கரை ஏறுவதைப் பாருங்கள். இந்தப் பேச்சற்ற கட்டம்தான் தாய்மார்களுக்குக் கடினம்.

மகனின் துணைக்கு வருகிறேன். 1990-களில் ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விக்ட் பரப்பிய யோசனை ஒன்று 'நடைப் பேருந்து' என்று சொல்லத்தக்க பெயரில் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. பெரியவர் ஒருவர் முன்னால் நடப்பார், இன்னொருவர் கடைசியில் வருவார். குறித்த தெருமுனையில் குறித்த நேரத்துக்கு நிற்கும் பிள்ளைகள் வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். பேருந்தைப் போலவே தாமதமாக வருபவருக்காக அது காத்திருக்காது. ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தெருவாரியாகக் கூடி, மேல் வகுப்பு மாணவர் ஒருவர் முன்நடக்கப் போவது வெகு காலப் பழக்கம். நமக்கு இது புதிதா என்று நீங்கள் கேட்கலாம். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டு போனவர்கள்தானே நாமும். மாறியிருப்பது என்னவென்றால், அன்று தானாகக் கூடிய கூட்டத்தை இன்று வாட்ஸ்அப்பில் பேசிக் கூட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் அதே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஐந்தாறு பேர் கிடைத்தால் போதும். பெற்றோர் ஐந்து பேர் வாரத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டால், இப்போது தினமும் இரண்டு முறை போய்வரும் உங்கள் குடும்பத்துக்கு நான்கு நாள் விடுதலை. வேலைக்குப் போகாத தாத்தாக்களை இதில் சேர்த்துக்கொள்வதை நான் பெரிதும் விரும்புவேன். மருத்துவர் நடக்கச் சொல்லியும் நடக்காதவர்கள் பிள்ளைகளுக்காக நடப்பார்கள்.

பாதையின் மிக மோசமான இடம் பெரிய சாலைதான் என்று நினைக்கிறீர்கள். என் அனுபவம் வேறு. காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாயிலில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். முன்னால் ஒரு பிள்ளையை நிற்க வைத்து, பின்னால் ஒன்றை உட்கார வைத்துக்கொண்டு வரும் ஸ்கூட்டர் வாயிலுக்கு நேரே நிற்கும். பின்னால் இருப்பது சாலையின் நடுப்பக்கமாக இறங்கும். பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்ட அடுத்த கணம் அந்த வண்டி அங்கேயே முழு வட்டமாகத் திரும்பும். அதற்கு இடம் கொடுக்கப் பின்வாங்கும் வேனின் ஓட்டுநருக்குத் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. அந்தக் கூட்டத்தில் பலர் இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்து வருபவர்கள். 'வண்டிகள் அதிகமாக இருப்பதால் நடக்க விட முடியவில்லை' என்று சொல்லித்தான் ஒவ்வொருவரும் இன்னொரு வண்டியைக் கொண்டு வருகிறார்கள்.

இதற்கு இத்தாலியின் போல்சானோ நகரம் 1989-லேயே ஒரு வழி கண்டது: பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் மட்டும் வாயில் முன்னுள்ள தெருவை வண்டிகளுக்கு அடைத்துவிடுவது. பின்னர் லண்டனில் நூற்றுக்கணக்கான பள்ளிகள் இதைப் பின்பற்றின. நம் ஊரில் காவல் நிலையத்தில் சொல்லி இரண்டு தடுப்புக் கம்பிகளைக் கேட்டு வாங்குவது அவ்வளவு கடினமான காரியம் அல்ல. அதையும் கேட்க விருப்பமில்லாத பள்ளி, இருநூறு மீட்டர் தள்ளியுள்ள கல்யாண மண்டபத்தின் முன்புறத்தை இறக்கிவிடும் இடமாகப் பேசி வைக்கலாம். தொலைவிலிருந்து வரும் பிள்ளையும் அங்கே இறங்கிக் கடைசிக் கொஞ்ச தூரத்தை நடக்கட்டும். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கட்டடத்துக்கும் கழிப்பறைக்கும் தீர்மானம் போடும் அந்தக் குழு, வாயிலுக்கு வெளியே உள்ள ஐம்பது மீட்டருக்காகவும் ஒரு தீர்மானம் போட்டு உள்ளாட்சிக்கு அனுப்பலாம். வேகத்தடை கேட்பதானால் முறையான வேகத்தடையாகக் கேளுங்கள். இந்தியச் சாலைக் கழகத்தின் அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 செண்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய மேடு. நம் தெருக்களில் இரவோடு இரவாக முளைக்கும் குறுகலான மேடுகள் சைக்கிளில் வரும் பிள்ளையைத்தான் முதலில் கீழே தள்ளுகின்றன.

இனிச் சில்லறைபோலத் தோன்றி, நடையைக் கெடுத்துவிடும் விஷயங்கள். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை. 24 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 2.4 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியே ஒரு கிலோ என்பதை மறந்துவிடாதீர்கள். பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் அரை லிட்டர் புட்டி போதும். வெயிலைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் மாலை நான்கு மணி வெயில் சுடத்தான் செய்யும். அப்போது தெற்கு வடக்காக ஓடும் தெருக்களில் மேற்கு ஓரத்தில் நிழல் விழும், குடையும் இருந்தால் சமாளிக்கலாம், முடியாத நாளில் வண்டியில் அழைத்து வருவதில் குற்றமில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் தண்ணீர் நிற்கும் நாள்களில் நடக்கவே விடாதீர்கள். மூடியில்லாத சாக்கடையும் அறுந்து விழுந்த மின்கம்பியும் தண்ணீருக்கு அடியில் தெரியாது. தெருநாயைக் கண்டால் ஓடாமல் நிற்கப் பழக்குங்கள். கடித்தாலோ கீறினாலோ வீட்டில் மறைக்கக் கூடாது என்றும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். வழியில் யாரேனும் தொந்தரவு செய்தால் எந்தக் கடைக்குள் நுழைந்து நிற்பது என்பதை நடக்கும்போதே காட்டிவையுங்கள்; 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள்.

மகளின் சைக்கிளுக்கு வருவோம். பன்னிரண்டு வயதில் அவள் கேட்பது சரியான நேரத்தில் வந்த கோரிக்கை. நெதர்லாந்தில் ஏறக்குறைய இந்த வயதில்தான் பிள்ளைகள் பள்ளியில் போக்குவரத்துத் தேர்வு எழுதி, சைக்கிளில் தெருவிலும் ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்த நாடு எப்போதுமே அப்படி இருந்தது என்று எண்ண வேண்டாம். 1971-இல் அங்கே சாலை விபத்துகளில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள், 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே பெற்றோர் இயக்கம் நடத்தித் தெருக்களை மாற்ற வைத்தார்கள். நம் பக்கத்திலும் முன்னுதாரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தபோது, கேலிப் பேச்சுகளைப் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பீகாரில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க 2006-இல் அரசு பணம் கொடுக்கத் தொடங்கியதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் அந்த வகுப்புகளில் சேரும் பெண்கள் 32 விழுக்காடு கூடினர் என்று கண்டார்கள். பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து ஓட்டியதால் கிடைத்த பாதுகாப்பையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் விலையில்லா மிதிவண்டி பதினோராம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. அதற்குள் சில பையன்கள் அப்பாவின் பைக்கைத் தொட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குள்ள குறை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்குப் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

சைக்கிள் வாங்கும்போது நம் பெற்றோர் செய்யும் தவறு, 'வளரும் பிள்ளைதானே' என்று சட்டை எடுப்பதைப் போல இரண்டு அளவு பெரிதாக எடுப்பது. நாமெல்லாம் மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்கள்தாம். அன்றைய தெரு வேறு. இருக்கையில் உட்கார்ந்த நிலையில் இரண்டு கால்களின் முன்பாதமும் தரையில் படிய வேண்டும், பிரேக் பிடியை அவள் விரல்கள் நன்றாக எட்ட வேண்டும். கடையிலிருந்து வந்த அன்றே ஸ்பேனரை எடுத்து இருக்கையை அவளையே இறக்கவும் ஏற்றவும் செய்யச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பையைக் கைப்பிடியில் மாட்டவே கூடாது. அது ஊசலாடி முன்சக்கரக் கம்பிகளுக்குள் நுழைந்தால் வண்டி நட்டுக்கொண்டு நின்றுவிடும், ஓட்டுபவர் முன்னால் போய் விழுவார். பை பின் கேரியரில் இறுகக் கட்டப்பட வேண்டும், துப்பட்டா பின் குத்தப்பட வேண்டும், சங்கிலிக்கு மூடி இருக்க வேண்டும். தலைக்கவசத்தைச் சைக்கிளுக்குச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்பேன். பள்ளித் திடலில் அவளை ஓட்டச் சொல்லி, ஒரு கையை எடுத்துச் சைகை காட்டும்போதும் தோளுக்கு மேலே திரும்பிப் பின்னால் பார்க்கும்போதும் வண்டி கோணாமல் நேராகப் போகிறதா என்று கவனியுங்கள். போகாதவரை தெருவில் இறக்காதீர்கள். அது வந்துவிட்டாலும், பெரிய சாலையில் முதல் சில மாதங்களுக்கு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்க வேண்டும்.

மகள் தனியாகப் போகும் முதல் நாள், ஒளிந்து பின்தொடராதீர்கள்; பிள்ளைகள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதன் பிறகு உங்கள் நம்பிக்கையை அவர்கள் நம்ப மாட்டார்கள். மாலையில் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வேலையை மாமியாரிடம் ஒப்படைத்துப் பாருங்கள். பயப்படுகிறவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தால் பயம் பாதியாகும். வரும் வழி ஒன்றே, அதை மாற்றக் கூடாது என்று பேசி வைத்திருந்தால், கால் மணி நேரம் தாமதமாகும் நாளில் நீங்கள் எதிர்முனையிலிருந்து அதே வழியில் நடக்கத் தொடங்கினால் போதும். பெரும்பாலும் பாதி வழியில், ஏதாவது ஒரு பெட்டிக்கடை வாசலில், உப்பு மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்த் துண்டைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்பார்கள்.